நாலுக்குக் கீழே

இணுவில்,
09.01.2024

அன்புத் தம்பி நதானியேலுக்கு,

ஆண்டவர் கிருபையால் நான், நேசமலர், மகள் ஜெயனி எல்லோரும் சுகம். நீயும் ஜெனிற்றாவும் நோர்வேயின் பனிக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்றுத்தானே தொலைபேசியில் கதைத்தோம், இன்றைக்கு என்ன கடிதம் என்று நினைப்பாய். என் காது மந்தம் உனக்குத் தெரியும். ஒலிபெருக்கியில் போட்டால்தான் நீ கதைப்பது கேட்கும். அப்படிப் போட்டால் நேசமலருக்கும் கேட்கும், ஒழுங்கையால் போகிறவருக்கும் கேட்கும். இது உனக்கு மட்டுமான விஷயம்.

மார்கழியில் எங்கள் சேர்ச் மண்டபத்தில் மருத்துவ முகாம் வைத்தார்கள். சீனி பார்க்கத்தான் போனேன். எல்லாவற்றுக்கும் சேர்த்து இரத்தம் எடுத்துவிட்டார்கள். சீனி அளவாக இருந்தது. பி.எஸ்.ஏ. என்று ஒன்று, அது 8.1. நாலுக்குக் கீழே இருக்க வேண்டுமாம். எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு அம்புக்குறி மேல்நோக்கி நின்றது. சிறுநீர் தேங்குகிற சலப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கிற புரொஸ்ரேற் சுரப்பியில் இருந்து இரத்தத்துக்கு வருகிற சங்கதியாம். கூடினால் கான்சராக இருக்கலாமாம்.

அந்த அம்புக்குறியோடு வீடு செத்தவீடாகிவிட்டது. ஜெயனி தொலைபேசியில் எதையோ வாசித்து வாசித்து அழுகிறாள். நேசமலர் மீன் பொரிப்பதை நிறுத்திவிட்டாள். அவளுடைய தங்கை மரியநாயகி முந்திரிகைப்பழத்தோடு வந்து, கதிரையில் இருந்த என்னைக் கட்டிலில் கிடக்கிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"இப்ப என்ன செய்யுது அத்தான்?"

"ஒண்டும் செய்யேல்லை. நீ வந்து பாக்கிறதுதான் செய்யுது" என்றேன்.

எனக்கு வலி இல்லை, மெலிவு இல்லை. நேற்றும் தண்ணீர்ப் பம்பைத் தனியாகத் தூக்கினேன். ஒரு எண்ணுக்குப் பயந்து கட்டிலில் ஏற நான் ஆயத்தமில்லை. ஆனால் அது என்ன எண் என்று எனக்குத் தெரிய வேண்டும். அங்கே விசாரித்து எழுது.

அன்பு அண்ணன்,
வில்லியம்


பேர்கன்,
02.02.2024

அன்பின் அண்ணைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் ஜெபிக்கிறோம். கடிதத்தை வேலைத்தலத்தில் வைத்துத்தான் வாசித்தேன். ஜெனிற்றாவுக்குக் காட்டவில்லை.

முதலில் ஒன்று. அந்த எண் வருத்தம் அல்ல, நோயின் பெயர் அல்ல. என் குடும்ப வைத்தியரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். அவர் ஒரு சின்னப் பெண், எங்கள் ஜெயனியின் வயது. வயதோடு சுரப்பி பருத்தாலும் எண் ஏறுமாம். சலத்தில் கிருமி இருந்தால் இன்னும் ஏறுமாம். சைக்கிள் ஓடிவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தாலும் கொஞ்சம் ஏறலாமாம். உங்களுடையது போன்ற எண்ணோடு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஆராய்ந்து பார்த்தால் கான்சர் இருக்காதாம். ஒற்றை எண்ணை வைத்து ஒரு முடிவும் எடுக்கக் கூடாது, சில கிழமைகள் விட்டுத் திரும்ப எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

உண்மையைச் சொல்லுங்கள். முகாமுக்கு முன் சலம் கழிக்கும்போது எரிந்து கடுத்ததா? காய்ச்சல் இருந்ததா? அன்றைக்குச் சைக்கிளில் எங்காவது போனீர்களா?

நானும் போன ஐப்பசியில் எடுத்தேன். வேலைத்தலத்தில் ஒருவருக்கு வந்த பிறகு வருடா வருடம் நானாகவே கேட்டு எடுப்பது. 3.2. நாலுக்குக் கீழே. சின்ன வயதில் எந்தச் சோதனையிலும் உங்களுக்குத்தான் கூடின புள்ளி. இதிலும் நீங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
நதானியேல்


இணுவில்,
24.02.2024

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். நானும் சுகம் என்பதை ஒருவரும் நம்புகிறார்கள் இல்லை.

ஓம், கடுத்தது. முகாமுக்கு முந்தின கிழமை காய்ச்சலும் இருந்தது. உடம்புச் சூடு என்று நேசமலருக்குச் சொல்லிவிட்டுப் பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டு திரிந்தேன். முகாமன்று காலை ஒரு வயரிங் வேலை பார்க்கக் காங்கேசன்துறைக்குச் சைக்கிளில் போய் வந்தேன். நீ கேட்ட எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை.

உன் கடிதம் வருவதற்கு முன்பே ஜெயனி என்னை ஒரு தனியார் டொக்டரிடம் பதிந்துவிட்டாள். கடிதம் சட்டைப்பைக்குள் இருக்கத்தான் போனேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"வாற கிழமை பயொப்சி செய்வம். ஊசியாலை குத்திச் சதைத் துண்டு எடுத்துப் பாக்கிறது" என்றார்.

"காய்ச்சல் இருந்ததோ எண்டு ஒருக்காக் கேக்க மாட்டியளோ?"

"ஐயா, எட்டுத் தாண்டியிட்டுது."

"தாண்டட்டும். முதல் சலத்தைச் சோதியுங்கோ. கிருமி இருந்தால் மருந்து தாங்கோ. அது மாறின பிறகு இரத்தத்தைத் திரும்ப எடுங்கோ. அப்பவும் ஏறி நிண்டால் எங்கை குத்தினாலும் சத்தம் போடமாட்டன்."

ஜெயனி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நான் எழும்பவில்லை. சலத்தில் கிருமி இருந்தது. மருந்து முடித்துவிட்டேன். இனிப் பொறுத்திருந்து எடுக்க வேண்டும்.

இன்னொன்று. போன ஞாயிறு ஆராதனையில் போதகர் கண்ணை மூடிக்கொண்டு, "கொடிய வியாதியால் வாதிக்கப்படுகிற எங்கள் சகோதரர் வில்லியத்தை" என்று தொடங்கினார். சுற்றிவரப் பெருமூச்சு. நான் எழும்பி நின்றேன்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. எனக்குக் கொடிய வியாதி எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. சலத்திலை கிருமி. ஜெபிக்கிறதெண்டால் அதைச் சொல்லியே ஜெபியுங்கோ."

பாடகர் குழுவில் யாரோ சிரித்துவிட்டார்கள். போதகர் நல்ல மனுஷன், அப்படியே சொல்லி ஜெபித்தார். நேசமலர் அந்தக் கிழமை முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மீன் பொரித்தாள்.

அன்பு அண்ணன்,
வில்லியம்


பேர்கன்,
15.03.2024

அன்பின் அண்ணைக்கு,

சுகமாக இருக்கிறோம். உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் வாசித்து நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்த நோர்வேக்காரன் என்னவென்று கேட்டான். சலத்தில் கிருமிக்கு ஜெபம் என்பதை அவனுடைய மொழியில் சொல்ல எனக்கு வரவில்லை.

நீங்கள் செய்ததுதான் சரி. திரும்ப எடுக்கும்போது இரண்டு மூன்று நாள் சைக்கிளைத் தொடாதீர்கள்.

இரவில் சலத்துக்கு அடிக்கடி எழும்புகிறீர்களா? நானும் முந்தி அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு முன் சென்னையில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது அங்கே ஒரு டொக்டர் குளிசை எழுதித் தந்தார். பருத்த சுரப்பியைச் சுருக்குமாம். இப்போது விடியும்வரை நித்திரை. அந்தப் பக்கம் போய் வருகிற சிநேகிதர்கள் வாங்கி வருவார்கள். இங்கே என் வைத்தியரிடம் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. மகள் வயதுப் பிள்ளைக்குச் சலம் போகிற கதையை எப்படிச் சொல்வது? உங்களுக்கும் ஒரு பெட்டி அனுப்பவா?

அண்ணிக்கும் ஜெயனிக்கும் எங்கள் அன்பு.

உங்கள் தம்பி,
நதானியேல்


இணுவில்,
20.04.2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்பதற்கு இந்த முறை எனக்கு வேறு காரணமும் உண்டு. முதலில் என் கதையை முடிக்கிறேன்.

எண் 5.2க்கு இறங்கிவிட்டது. இப்போது அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் காட்டுகிறேன். பிரவீணன் என்று ஒரு இளம் டொக்டர். அவர் தாளைப் பார்ப்பதற்கு முன் என்னைப் பார்த்தார். பிறகு கையுறை போட்டு விரலாலும் பார்த்தார். அதை விவரிக்க மாட்டேன். சுரப்பி பெரிதுதான், கல்லுப்போல ஒன்றும் தட்டுப்படவில்லை, இந்த வயதுக்கும் இந்தப் பருமனுக்கும் இவ்வளவு எண் வரக்கூடியதுதான், மூன்று மாதத்தில் திரும்ப எடுப்போம் என்றார்.

எழும்பும்போது கேட்டார். "ஐயா, சலத்துக்கு ஏதும் குளிசை எடுக்கிறியளோ?"

"இல்லை. தம்பி அனுப்பட்டோ எண்டு கேட்டவன். சுரப்பியைச் சுருக்கிற குளிசையாம்."

அவர் பேனையை வைத்துவிட்டார். "அவர் எவ்வளவு காலமாய் எடுக்கிறார்?"

"ரண்டு வருசம்."

"அந்தக் குளிசை பி.எஸ்.ஏ.யைப் பாதியாக்கிப்போடும் ஐயா. அதை எடுக்கிற ஆக்களின்ரை எண்ணை இரண்டாலை பெருக்கித்தான் பாக்க வேணும். தம்பி தன்ரை டொக்டருக்குச் சொன்னவரோ?"

 பஸ்ஸில் வரும்போது உன் 3.2ஐப் பெருக்கிப் பார்த்தேன். நீயும் பெருக்கிப் பார். குளிசைப் பெட்டியைக் கொண்டுபோய் அந்த டொக்டர்ப் பிள்ளையின் மேசையில் வை. வெட்கமென்றால் பேசாமல் வை. அவளுக்கு வாசிக்கத் தெரியும்.

உடன் பதில் எழுது.

வில்லியம்


இணுவில்,
15.06.2024

தம்பிக்கு,

சுகம். என் கடிதம் கிடைத்ததா? தொலைபேசியில் நீ மழையைப் பற்றி மட்டும் கதைக்கிறாய். ஒலிபெருக்கியில் உன்னிடம் நான் எதைக் கேட்பது?

வில்லியம்


பேர்கன்,
27.06.2024

அன்பின் அண்ணைக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுதப் பிந்திவிட்டது, வேலை கூட. இங்கே இப்போது இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். ஜெனிற்றா சாடியில் வைத்த கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது, யன்னலோடு வைத்திருக்கிறாள். மழைதான் விட்டபாடில்லை. வேலைத்தலத்தில் மேற்பார்வைக்குப் புதிதாக ஒருவன் வந்திருக்கிறான், பரவாயில்லை.

உங்கள் மூன்றாவது எண் வந்துவிட்டதா? குசினிக் கூரைக்கு ஓடு மாற்றினீர்களா? ஜெயனிக்கு இடமாற்றம் கிடைத்ததா? உங்கள் எண்ணை மறக்காமல் எழுதுங்கள். வெயிலில் அலையாதீர்கள்.

உங்கள் தம்பி,
நதானியேல்


இணுவில்,
12.07.2024

நதானியேலுக்கு,

உன் கடிதத்தில் கறிவேப்பிலை இருக்கிறது. மழை இருக்கிறது. குளிசை இல்லை. என் எண்ணை இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாய். உன்னுடையதை ஓரிடத்திலும் எழுதவில்லை.

போன ஞாயிறு தொலைபேசி எடுத்தேன். "அவர் வெளியிலை நடக்கப் போட்டார் அத்தான்" என்றாள் ஜெனிற்றா. அவளுக்குப் பின்னால் நீ இருமினாய். செவிடனான எனக்கே கேட்டது.

என் எண் 4.8. இன்னும் இறங்கியிருக்கிறது. எனக்குப் பயம் காட்டினவர்கள் எல்லோரும் இப்போது வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள். நீ என்ன செய்கிறாய்? என்னைச் செத்தவனாக்கப் பார்த்தபோது சபை நடுவில் எழும்பி நின்றேன். அப்படி நிற்கலாம் என்று எனக்குத் தைரியம் தந்தது உன் கடிதம். அதே நீ இப்போது ஒரு பதிலுக்குள் புகுந்து ஒளிக்கிறாய்.

எது வந்தாலும் வந்தது என்று எழுது. எனக்குச் சொல்லாமல் நீ தனியே ஒன்றையும் சுமக்க முடியாது. அதற்கு நான் விடமாட்டேன்.

வில்லியம்


பேர்கன்,
01.08.2024

அன்பின் அண்ணைக்கு,

உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறேன். இந்த முறை என் சுகத்தை முதல் வரியில் எழுதவில்லை.

உங்கள் சித்திரைக் கடிதம் கிடைத்த மறுநாளே பெட்டியைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அந்தப் பிள்ளை வாசித்துவிட்டுத் தன் கணினியைப் பார்த்தார். குளிசை தொடங்கி ஒரு வருடத்தில் என் எண் 1.6. அடுத்த வருடம் 3.2. குளிசை எடுக்கிறவனுக்கு எண் இறங்கிக் கிடக்க வேண்டும். என்னுடையது இரண்டு மடங்காக ஏறியிருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 6.4. "ஏன் எனக்குச் சொல்லவில்லை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஸ்கானில் ஒரு இடம் தெரிந்தது. குத்தி எடுத்துப் பார்த்தார்கள். கான்சர்தான் அண்ணை. நடுத்தரமான வகையாம். இன்னும் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லையாம். வெட்டி எடுக்கலாம், அல்லது கதிர்வீச்சு வைக்கலாம். எடுத்தால் கொஞ்சக் காலம் சலம் கட்டுப்படாமல் போகும். மற்ற விஷயமும் போகலாம். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்படியே விட்டுவிட்டால் என்ன என்று யோசிக்கிறேன். ஜெனிற்றாவுக்கு இடுப்பில் நாரி நோவு என்று சொல்லியிருக்கிறேன். பயொப்சியையும் அதற்கான ஊசி என்றுதான் நினைத்திருக்கிறாள்.

உங்களுக்கும் இதில் ஒன்று இருக்கிறது. கூடப்பிறந்தவனுக்கு வந்தால் மற்றவனுக்கும் வாய்ப்புக் கூடவாம். உங்கள் 4.8ஐ இனிப் பழைய மாதிரிப் பார்க்க முடியாதாம். என்னுடையதைச் சொல்லாமல் இதைச் சொல்ல வழியில்லை. இதைச் சொல்லாமல் விடவும் என்னால் முடியவில்லை.

நதானியேல்


இணுவில்,
20.08.2024

என் அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பார். கடிதத்தைக் கிணற்றடியில் இருந்து வாசித்தேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு உள்ளே போய் நேசமலருக்கு வாசித்துக் காட்டினேன். உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு, "ஜெனிற்றாவுக்குத் தெரியாதோ? அவளை என்னெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறான்?" என்று உன்மேல் பாய்ந்தாள்.

அன்று பின்னேரமே பிரவீணன் டொக்டரிடம் போனேன். கிளினிக் நாள் இல்லை. வாசலில் பிடித்தேன். தம்பிக்கு வந்துவிட்டது என்றதும் அவர் முகம் மாறியது.

"அப்ப நாங்களும் ஸ்கான் ஒண்டு எடுத்துப் பாப்பம் ஐயா. தேவைப்பட்டால் குத்தியும் பாக்க வேண்டி வரும்."

"குத்துங்கோ" என்றேன்.

நான் குத்த விடமாட்டேன் என்று சண்டை பிடித்தது கிருமியை ஒருவரும் கேளாமல் இருந்தபோது. இப்போது காரணம் இருக்கிறது. காரணம் இருக்கும்போது பின்வாங்கினால் அதற்குப் பெயர் வேறு.

நீயும் பின்வாங்க மாட்டாய். சலம் போனால் துணி கட்டிக்கொண்டு நட. மற்ற விஷயம் போனால் போகட்டும், அறுபத்து மூன்று வயதில் அதற்காகச் சாக முடியாது. உன் வைத்தியர் எடுக்கலாம் என்கிறபோது, எடுக்க இடம் இருக்கிறபோது, விட்டுவிட்டு இருப்பதற்கு உனக்கு யார் அதிகாரம் தந்தது? ஜெனிற்றாவுக்கு நீயே சொல். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து ஒரு கிழமை பார்ப்பேன். அதற்குப் பிறகு தொலைபேசி எடுத்து ஒலிபெருக்கியில் நானே சொல்வேன். உன் வீட்டுக்கும் கேட்கும், இணுவிலுக்கும் கேட்கும்.

அன்பு அண்ணன்,
வில்லியம்


பேர்கன்,
28.11.2024

அன்பின் அண்ணைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். இந்தச் சொல்லை இப்போது யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஜெனிற்றாவுக்குச் சொன்ன அன்று, அவள் அடுப்பை நிறுத்திவிட்டு வந்து எனக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தாள். "கலியாணம் கட்டின நாளிலையிருந்து உங்கடை உடுப்புத் தோய்க்கிறன். எனக்குத் தெரியாத எந்த இடம் உங்களிட்டை இருக்குதெண்டு ஒளிச்சனீங்கள்?" என்றாள். பிறகுதான் அழுதாள். மறுநாள் என்னைவிட முன்னதாக வைத்தியரிடம் போய் நின்றாள். கேட்க வேண்டியதை எல்லாம் அவளே கேட்டாள். எனக்கு வெட்கமான கேள்விகளைச் சத்தமாகக் கேட்டாள்.

புரட்டாசிக் கடைசியில் சத்திரசிகிச்சை நடந்தது. சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். எடுத்த சதையின் ஓரங்களில் ஒன்றும் இல்லையாம். போன கிழமை இரத்தம் எடுத்தார்கள். கருவியால் பிடிக்க முடியாத அளவு, 0.1க்கும் கீழே. சலம் இன்னும் முழுதாகக் கட்டுப்படவில்லை. உள்ளே துணி வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன். புதிய மேற்பார்வையாளன் பாரமில்லாத வேலை தரப் பார்த்தான். வேண்டாம் என்றேன். பழைய இடத்திலேயே நிற்கிறேன். சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். அதில் இரண்டு பேர் பிறகு தனியாக வந்து, தாங்களும் குளிசை எடுப்பதாகச் சொன்னார்கள்.

தையில் அங்கே வர யோசிக்கிறேன். சிநேகிதர்களும், "ஒருக்கா அண்ணையைப் போய்ப் பாத்திட்டு வா" என்கிறார்கள். உங்கள் பயொப்சி முடிவு என்ன? நீங்கள் ஒளித்தால் நானும் ஒலிபெருக்கியில் கேட்பேன்.

உங்கள் தம்பி,
நதானியேல்


இணுவில்,
17.12.2024

அன்புத் தம்பிக்கு,

0.1க்கும் கீழே என்பதை நேசமலருக்கு வாசித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னாள். ஆண்டவருக்குத் தோத்திரம். ஜெனிற்றாவுக்கு எங்கள் எல்லோருடைய அன்பையும் சொல்.

என் முடிவு இது. குத்தி எடுத்த துண்டுகளில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் இருந்தது. மிக மெதுவான வகை. பிரவீணன் டொக்டர் படம் கீறிக் காட்டினார். எடுக்கத் தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தமும் இடைக்கிடை ஸ்கானும் பார்த்துக் காவல் இருந்தால் போதும், எழும்பினால் அப்போது அடிக்கலாம் என்றார். ஜெயனி வெட்டி எடுக்கச் சொல்லி நின்றாள். "உன்ரை சித்தப்பாவுக்கு எடுக்க வேணும், எடுத்தாச்சு. எனக்கு எடுக்கத் தேவையில்லை, எடுக்கேல்லை. ஒரே வருத்தத்துக்கு ரண்டு நியாயம்" என்றேன். அவளும் டொக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டு வந்துவிட்டுத்தான் ஓம்பட்டாள்.

ஆக, கான்சர் உள்ளே இருக்கிறது, நான் வெளியே இருக்கிறேன். பம்பை இப்போதும் நான்தான் தூக்குகிறேன்.

இனி வேறு சங்கதி. நான் ஆஸ்பத்திரிக்கு அலைந்த கிழமைகளில், பக்கத்து வளவு ஏரம்பு எல்லை வேலிக் கதியால்களைப் பிடுங்கி எங்கள் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டிருக்கிறான். போய்க் கேட்டேன்.

"ஏன் அண்ணை உந்த வயசிலை காணியோடை மல்லுக்கட்டுறியள்? உங்கள் ரண்டு பேருக்கும் உந்த வருத்தமாமே" என்றான்.

அன்றே சட்டத்தரணி கனகரத்தினத்திடம் போனேன். அவர் காணி உறுதியைப் பார்த்தார், என் நரைத்த தலைமயிரைப் பார்த்தார்.

"எல்லை வழக்கெண்டால் பத்து வருசமும் இழுபடும் ஐயா. நீங்கள் நல்லாய் யோசியுங்கோ."

"நான் யோசிச்சிட்டுத்தான் வந்தனான். நீங்கள் இருப்பியளோ எண்டு யோசியுங்கோ" என்றேன்.

வளவு அப்பாவிடமிருந்து நம் இரண்டு பேருக்கும் வந்தது. அதனால் வழக்காளிகளும் இரண்டு பேர். நான் முதலாவது, நீ இரண்டாவது. உன் கையெழுத்து வேண்டும். தையில் வா. ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறவனின் முகத்தோடு வராதே, அப்படி வந்தால் படலையில் வைத்தே திருப்பி அனுப்புவேன். வழக்காளியாக வா. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்போது, வழக்கின் முதல் தவணைக்குக் கோட்டில் எப்போது நிற்க வேண்டும் என்று கனகரத்தினத்திடம் கேட்டுக் குறித்துக்கொண்டு போ.

அன்பு அண்ணன்,
வில்லியம்